சுரண்டிய நம்பருக்குப் படம் இல்லை

லேப்டாப் ரிப்பேர் என்பது பாதி நேரம் ஸ்க்ரூ கழற்றுகிற வேலை, மீதி நேரம் மேனுவலுக்காகக் கையேந்துகிற வேலை.

மேனுவல் என்றதும் லேப்டாப் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கிடக்கும் சின்னப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது உள்ளே இருக்கும் போர்டின் படம். கரண்ட் எந்த வழியாக நுழைந்து, எங்கே நின்று, எங்கே பிரிந்து போகிறது என்று கோடு கோடாகப் போட்டிருப்பார்கள். கம்பெனிக்காரர்கள் அதை வெளியே விடுவதில்லை. எப்படியோ கசிந்து, கை மாறி, ஊர் மாறி நம்மிடம் வந்து சேர வேண்டும். வந்து சேர ஒரு அடையாளம் தேவை. போர்டின் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். அந்த நம்பர் இருந்தால் படம் தேடலாம். இல்லாவிட்டால் ஒரே மாடல் லேப்டாப்புக்குள் நாலு விதமான போர்டு போட்டிருப்பான், எது எதுவென்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நானும் விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் யாரிடமும் இதைக் கற்கவில்லை. மில் ஸ்டோரில் பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் நம்பர் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். இப்போது விளாங்குடியில் என் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, கம்ப்யூட்டர் நிறைய மேனுவல்கள். யார் கேட்டாலும் சும்மா கொடுக்கிறேன். அதற்காக இதுவரை வாங்கிய பேச்சுகளில் சில இங்கே.

பாதியில் நிற்கும் குழம்பு

என் மனைவி விஜயா ஒரு சின்ன லேப்டாப் வைத்திருந்தாள். சமையல் வீடியோ எடுத்துச் சேனல் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசை. எடுத்தாளே தவிர ஒன்றையும் வெளியே விடவில்லை. "இன்னும் வெட்டி ஒட்டணும்" என்பாள். கடைசியாக எடுத்தது அயிரை மீன் குழம்பு. அவள் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது நான் அடுப்படிக்குள் போய், "உப்புப் போட்டியா?" என்று கேட்டுவிட்டேன். கரண்டியோடு திரும்பி, "கேமரா ஓடுதுல்ல, கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள். அது அப்படியே பதிவாகியிருக்கும். நான் அதைப் பார்த்ததில்லை. ஆள் அடுப்படியில் இருக்கும்போது குரலை லேப்டாப்பில் போய்க் கேட்பார்களா?

அந்த லேப்டாப் ஒருமுறை சார்ஜ் ஏறாமல் போய், டவுனில் மாடிக் கடை வைத்திருக்கும் கார்மேகத்திடம் கொடுத்துச் சரிசெய்தோம். அடுத்த மழைக்காலத்தில் விஜயா போய்ச் சேர்ந்துவிட்டாள். கொஞ்ச நாளில் லேப்டாப்பும் நின்றுவிட்டது. அந்த மாதிரி மலிவு லேப்டாப்பில் கழற்றி எடுக்கத் தனியாக டிஸ்க் கிடையாது. எல்லாம் ஒரு சிப்பில், அந்தச் சிப் போர்டோடு ஒட்டியிருக்கும். சூடு வைத்துப் பெயர்த்துப் படிக்கலாம் என்கிறார்கள், பெயர்க்கும்போது போனால் எல்லாமே போனது. போர்டுக்கு உயிர் வந்தால் குழம்பு வரும், இல்லையென்றால் இல்லை. கம்பெனியும் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டது.

திறந்து பார்த்தேன். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருந்தது. எங்கள் தொழிலில் பல கடைகளில் இது ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் நம்பரைச் சுரண்டிவிடுவார்கள். வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு கடைக்குப் போனாலும் அந்தக் கடைக்காரனுக்குப் படம் கிடைக்கக் கூடாது, சுற்றிக்கொண்டு நம்மிடமே வர வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது. நேரே கார்மேகத்திடம் போய், இந்தப் போர்டுக்குப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். சுரண்டியது யாரோ என்பது போல உதட்டைப் பிதுக்கிவிட்டு அவர் சொன்னார்: "நம்பரே இல்லாமப் படம் கேக்குறீங்களேண்ணே. பேரு ஊரு தெரியாமப் பொண்ணு பாக்கப் போவீகளா?"

எல்லாருக்கும் தெரிந்துவிடும்

நானே படம் தேடிக்கொள்வது என்று முடிவுசெய்து, லேப்டாப் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். நோக்கம், சர்வீஸ் மேனுவல்களைப் பகிர்ந்துகொள்வது. காலையில் ரோஜாப்பூ, மதியம் வாழை இலைச் சாப்பாடு, சாயங்காலம் சாமி படம். மேனுவலைத் தவிர எல்லாவற்றையும் பகிர்ந்தார்கள். யாராவது ஒரு நம்பரைப் போட்டு, "இதுக்குப் படம் இருக்கா?" என்று கேட்டால் உடனே பத்துப் பேர் "பிரைவேட்ல வாங்க" என்பார்கள். பிரைவேட்டுக்குப் போனால் "நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு பேரும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிற விளையாட்டு.

எனக்கு அந்த விளையாட்டு தெரியாது. ஒரு பையன் கேட்ட படம், நெட்டில் தேடியதில் கிடைத்து, என்னிடம் இருந்தது, குழுவிலேயே போட்டுவிட்டேன். உடனே போன் அடித்தது. குழுவின் அட்மின் நம்ம கார்மேகம்தான். ரொம்பப் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, அவர் எனக்குத் தொழில் தர்மத்தை விளக்கினார்: "அண்ணே, மேனுவலை இப்படி எல்லாருக்கும் தெரியுற மாதிரிப் போடாதீக. அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சிரும்ல."

ஒரு பக்கம் குறைகிறது

செக்கானூரணிப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர், என் மேல் இரக்கப்பட்டு, தானாகவே ஒரு மேனுவலை அனுப்பினார். விஜயாவின் லேப்டாப்புடைய அதே கம்பெனி, அதே மாடல் பெயர். போர்டு மட்டும் அதுதானா என்று பார்க்க வேண்டும். அவசரமாகத் திறந்தேன். அட்டை இருந்தது, பொருளடக்கம் இருந்தது, காப்பிரைட் எச்சரிக்கை ஒரு முழுப் பக்கம் இருந்தது. கரண்ட் நுழைகிற பக்கம் மட்டும் இல்லை. பொருளடக்கத்தில் அதன் பெயர் இருக்கிறது, உள்ளே போனால் முந்தின பக்கத்துக்கு அடுத்ததாகப் பிந்தின பக்கம் நிற்கிறது.

நெட்டில் இறங்கும்போது விடுபட்டிருக்கும் என்று நல்லபடியாக நினைத்து அவருக்குப் போன் செய்தேன். விடுபடவில்லை, எடுத்துவிட்டுத்தான் கொடுப்பாராம். எல்லாருக்கும் அப்படித்தானாம். எங்கள் ஊர்ப் பக்கம் பலகாரம் கொடுத்துவிட்டுப் பக்குவம் கேட்டால் ஒரு சாமானை மறைத்துச் சொல்கிற ஆட்கள் உண்டு, அந்த வம்சம் போலிருக்கிறது. "அந்த ஒரு பக்கம் இல்லாட்டி வேலை முடியாதேப்பா" என்றேன். அவர் நியாயமாகக் கேட்டார்: "படம் குடுத்தேன்னு எனக்குப் பேரு கெடச்சிருச்சுல்லண்ணே. வேலை வேற முடியணுமா?"

ரசத்தைப் பற்றி ஒன்றும் இல்லை

நான் மேனுவல் சேர்க்கிறேன் என்ற பேச்சு திண்டுக்கல் ரோடு வழியாகப் பரவை மார்க்கெட் வரை போய்விட்டது. அங்கே வெங்காயக் கமிஷன் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஆட்டோ பிடித்து வந்தார். கையில் லேப்டாப். இன்னொரு கையில் பாலிதீன் பைக்குள் பாலிதீன் பை போட்டு, ரப்பர் பேண்டு மாட்டிய ஒரு புத்தகம். "நீங்க மேனுவல் தேடுறதாச் சொன்னாங்க. எங்கிட்டப் புத்தம் புதுசா இருக்கு" என்று பெருமையாக நீட்டினார். அட்டைப்பெட்டியோடு வந்த புத்தகம். உலகத்து மொழிகளில் எல்லாம் 'ஈரக் கையால் தொடாதீர்' என்று எழுதியிருந்தது. நம் மொழியில் மட்டும் இல்லை. நம் கை எப்போதும் காய்ந்தே இருக்கும் என்று கம்பெனி நினைத்திருக்கலாம்.

லேப்டாப்பைத் திருப்பினேன். பெருங்காய வாசனை வந்தது. திறந்தால் உள்ளே கடுகு, கறிவேப்பிலை, ஒரு முழு மிளகு. சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் பார்ப்பாராம். "என்னண்ணே, தண்ணி படக்கூடாதுன்னு இதுலேயே படம் போட்டுக் காட்டியிருக்கானே" என்று அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கம்பெனிக்காரன் மேல் குற்றம் கண்டுபிடித்த திருப்தியோடு நிமிர்ந்தார்: "தண்ணியைப் பத்தித்தானே போட்டிருக்கான்? ரசத்தைப் பத்தி ஒண்ணும் போடலையே?"

பொட்டு வைக்கும் இடம்

உங்களுக்குத் தீபாவளி எப்படியோ, எங்களுக்கு ஆயுத பூஜைக்கு மறுநாள். முதல் நாள் எல்லாக் கடைகளிலும் லேப்டாப்பைத் துடைத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, பொரியும் அவலும் அதன் மேலேயே படைத்திருப்பார்கள். மறுநாள் வரிசையாக வரும். கீபோர்டுக்குள் சந்தனம் காய்ந்து சிமெண்டு பூசிய மாதிரி இருக்கும். சார்ஜர் ஓட்டைக்குள் குங்குமம். ஃபேனுக்குள் பொரி.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் ஒவ்வொரு வருடமும் தவறாமல் வருவார். அந்த வருடம் பக்தி கொஞ்சம் முற்றிப்போய், சுத்தமாக இருக்கட்டும் என்று பின்மூடியைக் கழற்றி, போர்டுக்கே நேராகப் பொட்டு வைத்துவிட்டார். ஈரக் குங்குமம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் அந்தப் போர்டின் மேனுவலைத் திறந்து, "இங்க பாருங்க, இது கரண்டு வர்ற வழி, இது போற வழி, இதுல நீங்க வச்ச பொட்டு ரெண்டையும் சேத்துவிட்டுருச்சு" என்று விளக்கினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து திரையைப் பார்த்தார். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்: "அப்ப எந்த இடத்துல பொட்டு வைக்கலாம்னு இந்தப் படத்துல போட்டிருக்காண்ணே?"

டம்ளர் வட்டம்

அந்த ஒரு பக்கம் குறைந்த மேனுவலை நான் விடவில்லை. வேறொரு குழுவில் முழுசாகக் கிடைத்தது. வைத்துப் பார்த்தால் ஸ்க்ரூ ஓட்டைகளே பொருந்தவில்லை. விஜயாவின் போர்டு அது இல்லை. இப்படியே ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொன்றும் அது இல்லை என்று ஆகி, அது இல்லாத படங்களெல்லாம் என்னிடம் சேர்ந்துவிட்டன. வைத்துக்கொண்டு என்ன செய்ய? கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். மங்கலாக இருப்பதைப் பிரிண்ட் எடுத்து, கோடுகளைப் பேனாவால் இழுத்துத் தெளிவாக்கி, மறுபடி போனில் பிடித்துக் குழுவில் போட்டேன். கார்மேகம் என்னைக் குழுவிலிருந்து வெளியேற்றினார். ஆளைக் காணோமே என்று பத்துப் பேர் கேட்டதும் மறுபடி சேர்த்தார்.

தேனிப் பக்கம் ஒருவன் 'எங்கும் கிடைக்காத அபூர்வ மேனுவல்' என்று விளம்பரம் போட்டிருந்தான். அதே கம்பெனிப் பெயர். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே அவன் கடைப் பெயரை அடித்து அனுப்பியிருந்தான். திறந்தால் மூன்றாம் பக்கத்து மூலையில் ஒரு டீ டம்ளர் வட்டம். என் டம்ளர். என் மேசை. ஓரத்தில் என் கட்டைவிரல்கூடப் பாதி தெரிந்தது. போன் போட்டுக் கத்தினேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை: "நீங்க சும்மா குடுத்தப்ப ஒருத்தனும் நம்பலைண்ணே, டூப்புங்கிறான். நான் வெலை வச்சப்புறந்தான் உங்க படத்தை நல்ல படம்ங்கிறான். நீங்களே வாங்கிட்டீகல்ல?"

கைப்பழக்கம்

போன மாதம் கார்மேகம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் ஒரு லேப்டாப். இத்தனை வருடத்தில் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகள் காலேஜில் கடைசி வருடம். அவளுடைய புராஜெக்ட் முழுக்க இதற்குள் இருக்கிறது, திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும், முந்தாநாளிலிருந்து ஆன் ஆகவில்லை. இதுவும் விஜயாவுடையது போல, சிப் போர்டோடு ஒட்டிய ரகம். "படம் மட்டும் குடுங்கண்ணே, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். "நம்பரைச் சொல்லுங்க" என்றேன். லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினார். மூடியைத் திறந்தேன். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கத்திக் கோடுகள், குறுக்கும் நெடுக்கும்.

"இது யாரு பாத்த வேலை கார்மேகம்?" என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த விஜயாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "போன வருஷம் சார்ஜ் ஏறலைன்னு நாந்தாண்ணே பாத்தேன். முடிச்சதும் கை தானாப் போயிருச்சு. கைப்பழக்கம்." சொந்த மகளின் லேப்டாப். அவள் வேறு எந்தக் கடைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தாரோ. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. வாசலில் ஸ்கூட்டி மேல் அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

நம்பர் இல்லாத போர்டை எப்படி அடையாளம் காண்பது என்று எனக்குத் தெரியும். விஜயாவின் போர்டுக்காக ஒவ்வொரு மேனுவலிலும் ஸ்க்ரூ ஓட்டை எங்கே, ஃபேன் வயர் மாட்டும் இடம் எங்கே என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண்ணில் ஏறிவிட்டது. வரிசையாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்ததில், சாயங்காலத்துக்குள் மகளுடைய போர்டின் படம் சிக்கியது. முழுப் படம், ஒரு பக்கமும் குறையாமல். கார்மேகம் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, அரிசி அளவு சாமான் ஒன்றை மாற்றினார். லேப்டாப்புக்கு உயிர் வந்தது. கெட்டிக்காரக் கை, அதில் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண் உள்ளே ஓடி வந்து புராஜெக்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அப்பாவை முறைத்துவிட்டுப் போனது.

அவர் கிளம்பும்போது பீரோவைத் திறந்து விஜயாவின் லேப்டாப்பை எடுத்து, மூடியை நீக்கி, அவர் முன்னால் வைத்தேன். விளக்கை இழுத்து அருகில் கொண்டுவந்து குனிந்து பார்த்தார். விரலால் அந்தக் கோடுகளைத் தடவினார். "நான் சுரண்டினதுதாண்ணே" என்றார். இத்தனை வருடத்துக்கு அப்புறம் ஒப்புக்கொண்டதே பெரிது. "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். குழம்பு, உப்பு, வாயை மூடுங்க, எல்லாம் சொன்னேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "யோசிச்சுப் பாருங்க கார்மேகம். சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்திருப்பீகல்ல. என்ன நம்பரு?" என்றேன். கண்ணை மூடி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றியில் வேர்த்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்: "யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானேண்ணே சுரண்டுறது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

ஊரில் உள்ள லேப்டாப்புக்கெல்லாம் என்னிடம் படம் இருக்கிறது. என்னை வாயை மூடச் சொன்னவள் மட்டும் கரண்டியும் கையுமாக, உப்புப் போட்டாளா இல்லையா என்று சொல்லாமலே, அந்தப் போர்டுக்குள் நிற்கிறாள்.